வெறும் உப்பு

அந்தச் சத்தத்தைத்தான் அங்கயற்கண்ணி முதலில் வெறுத்தாள். குப்பிக்குள் சுழன்றுகொண்டிருந்த காந்தக் குச்சி கண்ணாடியின் அடியில் ஏதோ ஓரிடத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. டிக், டிக், டிக். யாரோ எதிரே உட்கார்ந்து நகத்தால் மேசையைத் தட்டி, என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சு என்று விடாமல் கேட்பதுபோல. குப்பியைக் கொஞ்சம் நகர்த்தினாள், நின்றது. கையை எடுத்தாள், மறுபடி டிக். தட்டித் தொலை சனியனே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ஆளில்லாத ஆய்வகத்தில் தன் குரலே தனக்குக் கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். விடுதியில் பிரியாணி போட்டிருப்பார்கள், தின்றுவிட்டு ஆளுக்கொரு மூலையில் உருண்டுகொண்டிருப்பார்கள். வெளியே திருநெல்வேலியின் வைகாசி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே அது எதுவும் தெரியாது. ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள், வெளி வெளிச்சம் புகுந்து அளவைக் கெடுத்துவிடக் கூடாது என்று. சூரிய ஒளியில் தண்ணீரைப் பிரித்து உலகத்துக்கு எரிபொருள் தரப்போகிறவர்கள் முதலில் செய்த வேலை சூரியனை வெளியே நிறுத்தியதுதான். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சொல்ல ஆளில்லை. இருந்த ஒருத்தன் பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்த இளம்பரிதி, அவன் ஜெர்மனிக்குப் போய் நல்ல குளிரில் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறான், போட்டோ போடுகிறான், பின்னால் பனி. அவனையும் வெறுத்தாள். குப்பிக்குள் நைட்ரஜன் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கரைந்திருக்கிற காற்றின் ஆக்ஸிஜன் எல்லாம் வெளியே போக வேண்டும், மிச்சம் இல்லாமல் போக வேண்டும், அப்போதுதான் பிறகு வருவது தண்ணீரிலிருந்து வந்தது என்று சொல்ல முடியும். ஆரஞ்சு நிறத் தண்ணீர். அந்த நிறம் ருத்தேனியம் கலந்த சாயத்துடையது, ஒளியைப் பிடிப்பது அதன் வேலை. கூடவே பெர்சல்பேட் என்று ஒரு வெள்ளைப் பொடி, பிடுங்கிய எலக்ட்ரானை வாங்கி வைத்துக்கொள்ள. இவை இரண்டும் எடுபிடிகள். தண்ணீரைப் பிளக்கிற நிஜமான வேலையைச் செய்ய வேண்டியது மூன்றாவதாகப் போடப்போகிற வினையூக்கி, அது கோபால்ட். பூமியில் மலிந்து கிடக்கிற உலோகம், ஏழை நாட்டுக்கு ஏற்ற உலோகம் என்று கட்டுரையின் முதல் வரியிலேயே எழுதியாயிற்று. பக்கத்தில் கிடக்கிற ருத்தேனியம் தங்கத்தோடு சேர்த்து எண்ணப்படுகிற ஜாதி என்பதை எந்த வரியிலும் எழுதவில்லை. எழுதினால் சார் கோடு போட்டு அடித்துவிடுவார். சார் என்றால் பேராசிரியர் ஞானதிரவியம், அவளுடைய கைடு, இந்த ஆய்வகம், இந்தக் கறுப்புத் தாள், இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அவருடையவை.

வெறும் உப்பு. ஆய்விதழ்க்காரர்கள் கட்டுரையைச் சோதிக்கக் கொடுத்த அந்த ரெவ்யூவர் கேட்டது அவ்வளவுதான். முகம் தெரியாத, பேர் தெரியாத, எந்த ஊரென்றே தெரியாத ஓர் ஆள், கட்டுரையைப் படித்துவிட்டு மரியாதையாக, குரலை உயர்த்தாமல், பட்டுத் துணியில் ஊசியைச் சுற்றிக் கொடுப்பதுபோலக் கேட்டிருந்தான். மூலக்கூறு அழகாக இருக்கிறது. ஆனால் வேலை செய்வது இந்த மூலக்கூறுதானா, இல்லை இது உடைந்து கொட்டிய கோபால்ட்டா? இதே அளவுக்கு வெறும் கோபால்ட் நைட்ரேட்டைப் போட்டுப் பார்த்தீர்களா? அதை முதன்முறை படித்தபோது அவளுக்குக் காது சூடானது. கோபம் வந்தது, ஆனால் கேள்வி தப்பு என்பதால் வந்த கோபம் இல்லை. அவளும் அதையே கேட்டிருந்தாள். முதல் வருஷமே கேட்டிருந்தாள். இந்த இருக்கையில், இதே கோணத்தில் திரும்பி, சார், ஒரு தடவை வெறும் உப்பு போட்டு ஓட்டிப் பாத்துரலாமா என்று கேட்டாள். அவர் அப்போது போனில் இருந்தார். போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "அதெல்லாம் தேவையில்லாத வேலைம்மா. நமக்கு வேண்டியதை நாம செய்வோம்" என்றார். நமக்கு வேண்டியது. யாருக்கு? அப்போதே அவள் கத்தியிருக்க வேண்டும். எதற்குக் கத்துவது, சம்பளம் அவர் கையெழுத்தில் வருகிறது, பட்டம் அவர் கையெழுத்தில் வரும், விடுமுறைக்குக்கூட அவர் கையெழுத்து. இப்போது அதே கேள்வி கடல் தாண்டிப் போய், யாரோ ஒருத்தனுடைய வாயில் புகுந்து, கோட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது, இப்போது மட்டும் அது தேவையான வேலை. இவள் கேட்டால் அது தொணதொணப்பு, அவன் கேட்டால் அது அறிவியல். அதனால் அவள் ரெவ்யூவரை வெறுத்தாள். தன் கேள்வியைத் திருடியவன்மேல் வருகிற வெறுப்பு. அவனுக்கு ஒரு முகத்தைக் கற்பித்தாள், மூக்கு நீளம், கண்ணாடி, ஜன்னலோரம் ஒரு கோப்பை, பக்கத்தில் தூங்குகிற பூனை. பூனையையும் வெறுத்தாள். டிக், டிக், டிக்.

அந்த மூலக்கூறு இருக்கிறதே, அதைச் செய்ய அவள் பட்ட பாடு. ஒரு கூண்டு மாதிரி, கார்பனும் நைட்ரஜனும் பின்னிப் பின்னி நடுவில் கோபால்ட்டை உட்கார வைக்கிற கூண்டு. ஆறாவது படியில் எப்போதும் உடையும். தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும், குடுவையைக் கழுவக் கழுவக் கையெல்லாம் அந்த நாற்றம், அழுகிய பாதாமும் மீனும் சேர்ந்த மாதிரி, சோற்றைப் பிசைந்தால் சோற்றில் ஏறும். விடுதியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் தட்டோடு நகர்ந்து போவார்கள். பிறகு ஒருநாள் கருஊதா நிறத்தில் ஊசி ஊசியாகப் படிகம் விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் வாழ்க்கையில் தான் மட்டுமே செய்த ஒரு பொருள், தனக்கு முன்னால் உலகத்தில் இல்லாத பொருள். சார் வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு, நம்ம கூண்டு" என்றார். நம்ம. அடுத்த மாதம் ஒரு செய்தித்தாளில் அவர் படம் வந்தது, கையில் குப்பி, பின்னால் சூரியன் மாதிரி ஒரு வரைபடம், தண்ணீரிலிருந்து எரிபொருள், நெல்லைப் பேராசிரியர் சாதனை. அவள் படத்தில் இருந்தாள், அவளுடைய இடது தோள் இருந்தது. அம்மா அதை வெட்டி வைத்திருக்கிறாள், தோளைக் காட்டி எல்லாரிடமும் சொல்லுகிறாளாம், இது எங்க அங்கை. கூண்டுதான் வேலை செய்கிறது என்றால் அந்தத் தோள் தோளாகவாவது மிஞ்சும். வெறும் உப்பே வேலை செய்கிறது என்றால் கூண்டு எதற்கு? சிறைச்சாலை கட்டி, உள்ளே இருக்கிறவன் வெளியே வந்துதான் வேலை பார்க்கிறான் என்றால் சிறை எதற்கு? யோசித்துப் பார்த்தால் திரையில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டுகிற அந்தக் கோட்டிலேயே அது இருந்தது. கூண்டைப் போட்டு விளக்கைப் போட்டதும் கோடு உடனே ஏறாது. கொஞ்ச நேரம் படுத்தே கிடக்கும். பிறகுதான் எழும். ஏன் படுத்துக் கிடக்கிறது? சார் அதற்கு ஒரு பெயர் வைத்தார், தூண்டல் காலம் என்று. பெயர் வைத்துவிட்டால் போதும், கேள்வி செத்துவிடும். அவளுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தப் படுத்துக் கிடக்கிற நேரத்தில் கேள்வி சாகாமல் எழுந்து உட்காரும். அது உடைகிற நேரம். கூண்டு உடைந்து கோபால்ட் வெளியே வருகிற நேரம். அவள் செய்தது சாகிற நேரம், அந்தச் சாவிலிருந்து வருகிற ஆக்ஸிஜன்.

ஆக்ஸிஜன். இந்தச் சொல்லில் எப்போதும் வந்து மாட்டிக்கொள்ளும். எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் கடைசியில் அந்த ஆஸ்பத்திரி வராந்தா. கொரோனாவின் அந்த இரண்டாவது அலை, ஊரெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம், மதுரையில் அப்பா வராந்தாவில் ஒரு ஸ்ட்ரெச்சரில், படுக்கை இல்லை, சிலிண்டர் வருகிறது வருகிறது என்கிறார்கள், வராந்தா நீளத்துக்கும் ஆட்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள், மீன் மாதிரி. விரலில் மாட்டிய கருவியில் எண் இறங்குகிறது. அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவளுக்குத் தெரிந்தது எண்ணைப் பார்ப்பதுதானே. அண்ணன் சுந்தரவடிவேல் எங்கெங்கோ ஓடிவிட்டு வந்தான், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, வந்தவன் அவளைப் பார்த்தான், ஒரு நிமிஷம் பார்த்தான், "நீதான் தண்ணியில இருந்து ஆக்ஸிஜன் எடுக்கிறவளாச்சே. எடு. இப்ப எடுத்துக் குடு பாப்போம்" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவள் குப்பியில் வருகிற ஆக்ஸிஜன் ஓர் எறும்பு மூச்சு விடக்கூடக் காணாது, அது அவனுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பான். அப்பா கேட்டாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கண் திறந்துதான் இருந்தது. சிலிண்டர் வந்தது, வந்தபோது அது வேறொருவருக்கு. அதற்குப் பிறகு அண்ணன் அவளிடம் நன்றாகத்தான் பேசுகிறான், தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறான், அவள் கட்டிக்கொள்கிறாள். ஒவ்வொரு தடவையும் விளக்கைப் போடும்போது, எடு, எடுத்துக் குடு பாப்போம். வெறுக்க வேண்டுமென்றால் அவனைத்தான் வெறுக்க வேண்டும், முடியவில்லை, அந்த வெறுப்பு அவன்மேல் போய் உட்காராமல் வழுக்கி வழுக்கி வந்து சார்மேல் உட்காருகிறது, ரெவ்யூவர்மேல், பூனைமேல், இந்தக் காந்தக் குச்சிமேல்.

நைட்ரஜன் போதும். ஊசியை உருவினாள். ரப்பர் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஆக்ஸிஜனை அளக்கிற சென்சாரின் நுனி தண்ணீருக்குள் இருந்தது, கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு தரையோடு தரையாக ஓடியது. அலமாரியிலிருந்து கோபால்ட் நைட்ரேட் பாட்டிலை எடுத்துக் கரைத்து ஏற்கெனவே வைத்திருந்தாள், ரோஸ் மில்க்கை நூறு தரம் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்த மாதிரி ஒரு நிறம். பள்ளிக்கூட லேபில்கூட இருக்கும் இந்த உப்பு. சிரிஞ்சில் ஏற்றினாள். அப்போதுதான் அது வந்தது, வெகு நேரமாக மூலையில் குந்திக்கொண்டிருந்த நினைப்பு எழுந்து வந்து பக்கத்தில் நின்றது. கொஞ்சம் குறைத்துப் போட்டால்? பாதி போட்டால்? பெர்சல்பேட் பழசு, ஈரம் ஏறிப்போனது ஒரு பாட்டில் இருக்கிறது, அதைப் போட்டு ஒரு தடவை ஓட்டினால்? கோடு எழாது. வெறும் உப்பு வேலை செய்யவில்லை, கூண்டே வேலை செய்கிறது, மதிப்புக்குரிய ஐயா, தங்கள் ஐயம் தீர்ந்தது. கட்டுரை வரும். கட்டுரை வந்தால் ஆய்வேட்டைக் கொடுக்கலாம், பட்டம் வரும், இந்த நாற்றத்தை விட்டு, இந்தக் கறுப்புத் தாளை விட்டுப் போகலாம். யாருக்குத் தெரியும்? கேமரா கிடையாது, ஆள் கிடையாது, கடவுளுக்கு வேதியியல் அளவுக்குப் பொழுது இருக்குமா தெரியவில்லை. சிரிஞ்சைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நேர்மையைப் பற்றி அவள் அப்போது யோசிக்கவே இல்லை. நேர்மை என்பதெல்லாம் கல்லூரி ஆண்டுவிழாவில் பேசுவது. அவள் யோசித்தது வேறு. இதைச் செய்தால் அது சாருக்கு நான் கொடுக்கிற பரிசு. செய்தித்தாள் படத்தில் அவர் முகத்தைப் பிடித்து நிறுத்துகிற முட்டாக நான் நிற்க வேண்டும், அதுவும் அவருக்குத் தெரியாமல், அவர் நன்றிகூடச் சொல்ல வேண்டாதபடி. தேவையில்லாத வேலை என்று சொன்ன வாய் ஜெயித்துவிடும். மாட்டேன். அவருக்காகப் பொய் சொல்ல மாட்டேன். தப்புச் செய்ய விடாமல் அவளைக் காப்பாற்றியது அந்த வெறுப்புதான், வேறொன்றும் இல்லை. முழு அளவையும் ஏற்றி, ஊசியை மூடியில் குத்தி, ஒரே அழுத்தாக அழுத்தி உள்ளே விட்டாள். நீல விளக்கைப் போட்டாள்.

நீல வெளிச்சம் ஆரஞ்சுத் தண்ணீரில் விழுந்ததும் குப்பி உள்ளிருந்து எரிகிற மாதிரி ஆனது, இது எத்தனை தடவை பார்த்தாலும் அழகுதான், அதற்காகவும் எரிச்சல் பட்டாள். கோடு படுத்தே கிடந்தது. கிட. அப்படியே கிட. எழாதே. இல்லை, எழு. எதை வேண்டுகிறோம் என்றே தெரியவில்லை. எழாவிட்டால் கூண்டு பிழைக்கும், அவள் பிழைப்பாள், சாரும் பிழைப்பார், அதுதான் இடிக்கிறது. எழுந்தால் சார் விழுவார், விழும்போது அவளை இழுத்துக்கொண்டுதான் விழுவார். இரண்டு பக்கமும் தனக்கே கத்தி. வெளியே இருக்கிற வேப்பமரம் இந்த நேரத்தில் எத்தனை தண்ணீரைப் பிளந்துகொண்டிருக்கும், ஒவ்வோர் இலையிலும் கோபால்ட்டுக்குப் பதில் மாங்கனீசை வைத்துக்கொண்டு, ரெவ்யூவர் இல்லாமல், கைடு இல்லாமல், சும்மா நின்றபடி. அதுவும் உடைகிறது, அரைமணிக்கொரு தரம் அதன் இயந்திரமும் கருகிப்போகிறது என்று படித்திருக்கிறாள், ஆனால் மரம் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்துகொள்கிறது, உடையவே இல்லை என்று எந்த இலையும் சாதிக்கவில்லை. உடைவதில் என்ன அவமானம்? உடைந்ததைக் கூண்டு என்று சொல்வதில்தான். அப்போது கோடு அசைந்தது. முதலில் கண் பிசகு என்று நினைத்தாள். இல்லை. நுனி நிமிர்ந்தது. பாம்பு தலை தூக்குகிற மாதிரி, பிறகு தயக்கமே இல்லாமல், கூண்டுக்கு வருகிற அந்த நீண்ட படுக்கைகூட இல்லாமல், சாய்ந்து, ஏறி, ஏறிக்கொண்டே போனது. பழைய கோட்டைப் பக்கத்தில் திறந்து வைத்தாள். இது உயரம். வெறும் உப்பு. கூண்டைவிட உயரம். அவள் உதடு சிரித்தது. தன் வாய் சிரிப்பதைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ஆறு படி, அந்த நாற்றம், தட்டோடு நகர்ந்து போனவர்கள், கருஊதாப் படிகம் எல்லாம் ஒரு சிட்டிகை ரோஸ் உப்புக்குக் கீழே. சிரிப்பு நிற்கவில்லை. அது நல்ல சிரிப்பு இல்லை.

கதவு திறந்தது. சார். கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார், சந்தன நிறப் பட்டுச் சட்டை, கையில் தாம்பூலப் பை, வெளியே காரில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பது இன்ஜின் சத்தத்தில் தெரிந்தது. "என்னம்மா, ஆரம்பிச்சாச்சா? ஒண்ணும் வரலைதானே?" என்றபடியே வந்தார். அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளித் திரையை அவருக்கு விட்டாள், இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி. எத்தனையோ மாதமாக மனதுக்குள் கூர்தீட்டி வைத்திருந்த வாக்கியங்கள் வரிசையாக நின்றன. நான் அப்பவே கேட்டேன் சார். தேவையில்லாத வேலைன்னு சொன்னீங்க சார். எதைச் சொல்வது முதலில் என்று தேர்ந்துகொண்டிருக்கும்போதே அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தாம்பூலப் பையைக் கீழே வைக்க மறந்து பிடித்தபடியே நின்றார்.

"இது கூண்டா?"

"வெறும் உப்பு சார்."

"காத்து புகுந்திருக்கும்."

"புகலை."

"மூடி லீக் இருக்கும்மா. நான் சொல்றேன்ல."

அவர் கை நீண்டது. விளக்கின் ஸ்விட்சைப் பட்டென்று அணைத்தார், கோபத்தில், எதிரே பேசுகிறவன் வாயை அடைக்கிற மாதிரி. அறை இருண்டது. திரை மட்டும். கோடு நின்றது. ஏறிக்கொண்டிருந்த கோடு அந்த இடத்திலேயே மடங்கிச் சமதரையாக ஓடியது, மேலே ஓர் இம்மி போகவில்லை. காற்று புகுந்திருந்தால் இருட்டிலும் புகும். மூடி ஓட்டையென்றால் விளக்கை அணைத்தால் அடைபடாது. அதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் அவருடைய மூச்சு மாறியது. அவர் மறுபடி கையை நீட்டினார், இந்தத் தடவை மெதுவாக, விளக்கைப் போட்டார். கோடு எழுந்தது. அணைத்தார், நின்றது. போட்டார், எழுந்தது. படி படியாக, ஏணி மாதிரி, பாடப்புத்தகத்தில் வரைந்து வைத்த மாதிரி, இந்த ஆய்வகத்தில் இதுவரை யாரும் எடுக்காத அளவுக்குச் சுத்தமாக. நீல வெளிச்சத்தில் அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள், பார்த்திருக்கக் கூடாது. பட்டுச் சட்டை போட்ட அந்த ஆள் வாயைக் கொஞ்சம் திறந்தபடி சந்தோஷமாக இருந்தார். செய்தித்தாளுக்குக் காட்டாத சந்தோஷம், இவளுக்குத் தெரியாத வேறொரு மனுஷன், எந்தக் காலத்திலோ எந்த மேசையிலோ முதல்முதலாக எதையோ பார்த்துவிட்டு இப்படி நின்றிருப்பான். ஒரு கணம்தான். பிறகு நினைவு வந்துவிட்டது, இந்த ஏணி எதன்மேல் சாத்தியிருக்கிறது என்று. முகம் பழைய முகமானது. அந்த ஒரு கணத்துக்காக அவள் அவரை முன்னைக் காட்டிலும் அதிகமாக வெறுத்தாள். இவ்வளவு தெரிந்தவன், இதைப் பார்த்து இப்படி நிற்கத் தெரிந்தவன், எப்படிச் சொன்னான் தேவையில்லாத வேலை என்று?

"அழிச்சிரும்மா" என்றார்.

"சார்?"

"இந்த ரன்னை அழிச்சிரு. உப்பு போட்டோம், குறிப்பிடும்படியா ஒண்ணும் வரலைன்னு ஒரு வரி. பதிலை நான் எழுதிக்கிடுதேன். அடுத்த வாரம் கட்டுரை ஏத்துக்கிடுவான், ஆடியில உன் ஆய்வேடு, புரட்டாசியில வைவா. உனக்காகத்தாம்மா சொல்லுதேன்."

உனக்காகத்தான். அந்தச் சொல் வந்து விழுந்ததும் வரிசையில் நின்ற கூர்மையான வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயின என்றே தெரியவில்லை, ஒன்றுகூட இல்லை. கையில் எஞ்சியது மிகச் சாதாரணமான ஒரு வாக்கியம். "அப்ப என் பேரை எடுத்துருங்க சார்."

அவருக்கு முதலில் புரியவில்லை. "எந்தப் பேரை?"

"கட்டுரையில இருந்து. என் பேரை எடுத்துட்டு நீங்க என்ன வேணாலும் எழுதிக்கிடுங்க."

"முதல் பேரே உன்னுதுதானே? எடுத்தா ஆய்விதழ்க்காரன் கேக்க மாட்டானா, செஞ்ச பிள்ளை எங்கன்னு?"

"கேக்கட்டும்."

"என்னை மிரட்டுதியா?" குரல் தடித்தது. "நான் இல்லன்னா நீ எங்கம்மா இருந்திருப்ப? எவன் உன்னைச் சேத்திருப்பான்? மதுரையில இருந்து ஒரு பையைத் தூக்கிட்டு வந்து நின்ன, ஞாபகம் இருக்கா?" ஞாபகம் இருந்தது. அதுவும் உண்மைதான். அவர் சேர்த்துக்கொண்டார், அப்பா போனபோது ஆள் அனுப்பினார், உண்மை எல்லாம் ஒரே பக்கமாக இருந்தால் வெறுப்பது எவ்வளவு லேசு. பட்டம் போகும், அம்மா வெட்டி வைத்த அந்தத் தோள் போகும், அண்ணன் ஒன்றும் கேட்க மாட்டான், கேட்காமல் பார்ப்பான், அது கேட்பதைவிட மோசம். இப்போதுகூட வாயைத் திறந்து சரி சார் என்று சொல்லிவிடலாம், இரண்டு சொல். அவள் திரையைப் பார்த்தாள். கோடு ஏறிக்கொண்டிருந்தது, இவர்கள் பேசுவதைச் சட்டை பண்ணாமல். "மிரட்டல சார். என் பேரு வேண்டாம், அவ்வளவுதான்" என்றாள்.

அவருடைய போன் அடித்தது. காரிலிருந்து. எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்தார். தாம்பூலப் பையை ஒருவழியாகத் தரையில் வைத்தார், உள்ளேயிருந்த தேங்காய் உருண்டு தரையில் தட்டியது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார், ஒரு மடி, இன்னொரு மடி, பட்டு கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல். "இந்த பாட்டில்ல இரும்பு, நிக்கல் எதாவது கலந்திருக்கலாம். வேற பாட்டில் எடு. புதுசு ஒண்ணு உடைக்காம இருக்கும், கீழ்த்தட்டுல" என்றார். திட்டுகிற குரலிலேயேதான் சொன்னார். அவள் எழுந்து போய் எடுத்தாள். குடுவையை அவரே கழுவினார், ஆசிட்டில் ஊற வைத்து, தண்ணீரில் அலசி, மறுபடி அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கழுவத் தெரிந்த கை. எத்தனை வருஷம் ஆகியிருக்கும் அவர் ஒரு குடுவையைத் தொட்டு. நைட்ரஜன் விட்டாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், சந்தனமும் வியர்வையும் கலந்த வாசனை, இவ்வளவு பக்கத்தில் உட்கார வேண்டுமா என்று அவள் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். சென்சாரைப் பொருத்தினாள். புது உப்பை ஏற்றினாள். "போடு" என்றார். விளக்கைப் போட்டாள். கோடு படுத்திருந்தது. இப்போது இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள், எது வரும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தே பார்த்தார்கள். வெளியே ஹாரன் ஒரு தடவை அடித்தது, நிறுத்தி, நீளமாக இன்னொரு தடவை. அவர் திரும்பவில்லை. கோடு அவர்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமே எழுந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் திரையைப் பார்த்தபடியே, அவளிடம் என்றில்லாமல், "பேரை எடுக்க வேணாம்" என்றார். "கட்டுரையை எடுத்துருவோம்."

அவள் காத்திருந்தாள், பின்னால் ஓர் ஆனால் வரும் என்று. வரவில்லை. "உப்பு எப்படி வேலை செய்யுது, உடைஞ்சப்புறம் என்னவா மாறுதுன்னு இனிமே முதல்ல இருந்து பாக்கணும். ஒரு வருஷம் கூட ஆகும். உனக்கு ஆகும். எனக்கு அதுக்குள்ள ரிட்டயர்மென்ட் வந்துரும்" என்று எழுந்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு. தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு கதவருகே போனவர் நின்று, "அப்பவே ஓட்டியிருக்கலாம்" என்றார். யார் ஓட்டியிருக்கலாம், யார் வேண்டாம் என்றது, அதைச் சொல்லவில்லை. மன்னிப்பு என்றால் அது அவ்வளவுதான், அரை வாக்கியம், எழுவாய் இல்லாமல். கதவு சாத்திக்கொண்டது. கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அங்கயற்கண்ணி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜெயித்துவிட்டாளா? ஒரு வருஷம் போயிற்று, கூண்டு போயிற்று, ஜெயித்தது என்று எதைக் காட்டுவது? வெறுப்பு மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது, அடுப்பில் வைத்த மாதிரிச் சூடாக, இறக்கி வைக்க இடமில்லாமல். சண்டை போட்டிருந்தால், துரத்தியிருந்தால், நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான் மனுஷன். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அந்த ரன்னுக்குப் பெயர் கொடுத்துச் சேமித்தாள், அழியாதபடி இரண்டு இடத்தில் சேமித்தாள்.